நான் வெட்டிய ஏழு அழைப்புகள்

பிள்ளை, இந்தக் கடிதத்தை நான்காம் தடவையாகத் தொடங்குகிறேன். முதல் மூன்றையும் கிழித்து, அம்மாவின் கண்ணில் படாமல் இருக்கத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அங்கே குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்பாவிடமிருந்து தபாலில் கடிதமா என்று நீ பதறிவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இரண்டு தடவை எடுத்தேன். ஒரு தடவை 'சாப்பிட்டியா' என்று கேட்டேன், மற்றத் தடவை 'அங்கே மழையா' என்று கேட்டேன். இரண்டு தடவையும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்தேன். ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் நீ அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். அவசரப்படாமல், எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசி.

இரண்டு வாரத்துக்கு முன்பு நீ தங்கியிருக்கிற கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாய். பிரேசிலில் ஆறு மாதப் பயிற்சிக்கு எல்லாம் சரிவந்துவிட்டது என்று சொன்னாய். அம்மா பிட்டு அவித்திருந்தார். நான் வழக்கம்போலப் பெரிய மனிதனாட்டம் கேள்வி கேட்டேன். எந்த வீட்டில் தங்குவாய், அந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் என்ன, உன் ஹான்டி போன் அங்கே வேலை செய்யுமா, கணினியில் முகம் பார்த்துப் பேச அந்த அறையில் வசதி இருக்குமா. நீ தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். "அப்பா, இன்ரநெற் இருக்குமோ தெரியாது. ஹான்டியில ஒவ்வொரு நாளும் கதைக்க ஏலாது, அங்க எனக்கு வாற கோலுக்கும் காசு பிடிப்பாங்கள். நீங்கள் காலமை ஒருக்கால் அடியுங்கோ. நான் வெட்டுறன். வெட்டினால் நல்லாயிருக்கிறன் எண்டு நினையுங்கோ." அம்மா சிரித்துவிட்டார். "அப்பாவும் மகளும் அந்தப் பழைய பழக்கத்தை விடமாட்டியள் போல" என்றார். நீயும் சிரித்தாய். நான் பிட்டைத் தள்ளிவைத்தேன். தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து குசினிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதை நீ வெகுளியாகச் சொன்னாயா, எனக்குக் குத்தவேண்டுமென்று சொன்னாயா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தொழிற்சாலையில் அலுமாரிக் கதவு திறந்து மூடுவதற்குப் பிணைச்சல் பூட்டுகிற வேலை, பதினைந்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. போன கிழமை ஒரு நாள் முழுவதும் இடது கதவுகளுக்கெல்லாம் வலது பிணைச்சலைப் பூட்டிவைத்திருக்கிறேன். பொறுப்பாளர் வந்து, உனக்கு உடம்பு சுகமில்லையா, வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் இதே கதைதான். வரவேற்பறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு கிழமையில் நீ விமானம் ஏறுகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லாமல் உன்னை அனுப்பிவிட்டு, தினம் காலையில் மணி அடித்து, நீ வெட்டுவதைக் கேட்டு, 'நல்லாயிருக்கிறாள்' என்று மனதைத் தேற்றிக்கொள்ள என்னால் முடியாது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நான் சொல்லி நீ கேட்டதில்லை. உனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது நான் திருச்சிக்குப் போனேன். நம்மிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம், அதை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போக முடியாது. அந்தக் காலத்தில் இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருந்த நமது ஆட்கள் பாதிப் பேர் தங்கள் சகோதரங்களைத் திருச்சியிலோ சென்னையிலோதான் சந்தித்தார்கள். அங்கிருந்து அவர்கள் வருவார்கள், இங்கிருந்து நாம் போவோம், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஊரில் ஒரு வாடகை வீடெடுத்து மூன்று கிழமை ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பிரிவோம். உன் மாமியை, என் அக்காவை, நான் பதினாறு வருடமாகப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த மாதத்துக்குத்தான் விசா கிடைத்தது. அம்மா அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி. உனக்குப் பிறகு பதினாலு வருடம் கழித்து வந்தது. மூன்று மாதம் முடியட்டும், பிறகு பிள்ளைக்குச் சொல்லுவோம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். நான் பயணத்தை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கிறன். அக்காவைப் பாத்திட்டு வாங்கோ" என்று அம்மாதான் பெட்டியை அடுக்கித் தந்தார்.

நம் வீட்டில் அப்போது ஒரேயொரு ஹான்டி. அதை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதைத் திருச்சிக்குக் கொண்டுபோவதில் எனக்கிருந்த பெருமையை நீ பார்த்திருக்கிறாய். தமிழ்க் கடைச் சிவா அண்ணை எனக்கு வகுப்பே எடுத்தார். "தம்பி, வெளிநாட்டில கோல் எடுத்தாலும் உனக்குத்தான் காசு விழும். எடுத்துப்போடாதை. போக முதல் அந்த மெயில்பொக்ஸை நிப்பாட்டிப்போட்டுப் போ. இல்லாட்டி நீ எடுக்காத கோலுக்கும் ரெண்டு மடங்கு பிடிப்பாங்கள்." நான் அவர் சொன்னபடியே செய்தேன். யாரும் குரல் பதிந்துவைக்க முடியாதபடி அதை நிறுத்தினேன். பிறகு உன்னைக் கூப்பிட்டு இருத்தி நம் ஏற்பாட்டைச் சொல்லித் தந்தேன். காலையில் நீ ஒரு தடவை அடிக்கவேண்டும். நான் எடுக்கமாட்டேன், வெட்டுவேன். நீ அடித்தால் வீட்டில் சுகம், நான் வெட்டினால் இங்கே சுகம். ஒரு சதம் செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நானே அங்குள்ள பூத்திலிருந்து எடுத்து ஆறுதலாகக் கதைப்பேன். நான் தங்கப்போகும் வீட்டில் ஒரு சாதாரண தொலைபேசி இருந்தது. அதன் இலக்கத்தை எழுதித் தரச்சொல்லி நீ கேட்டாய். "ஹான்டி இருக்கேக்க அதென்னத்துக்கு?" என்றேன். நம்மூர் ஆட்கள் எல்லாரும் அப்போது இப்படி மணி அடித்து வெட்டித்தான் ஊர் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தோம். நான் மட்டும் செய்த தவறில்லை, ஆனால் மற்றவர்கள் என்னைவிடக் கொஞ்சம் யோசித்துச் செய்திருப்பார்கள். சுகம் என்று சொல்ல ஒரு வழி வைத்தேன். சுகமில்லை என்றால் என்ன செய்வது என்று உனக்கும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஐந்து நாள் எல்லாம் அழகாக நடந்தது. நீ அடிப்பாய், நான் வெட்டுவேன். அங்கே உன் இலக்கம் திரையில் விழாது, வெறுமனே மணி மட்டும் அடிக்கும். அதனால் என்ன, எனக்கு உன்னைத் தவிர யார் எடுக்கப்போகிறார்கள். ஆறாம் நாள் சனிக்கிழமை. காலை மணி அடித்து முடிந்து, மத்தியானம் அக்கா இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது. வெட்டினேன். உடனே மறுபடி அடித்தது. வெட்டினேன். அக்காவோடு வந்திருந்த அத்தான் சிரித்து, "ஆரடாப்பா அது?" என்றார். "மகள்தான். தமிழ்ப் பள்ளிக்குப் போகாமல் வீட்டில நிண்டு விளையாடுறாள்" என்றேன். பழங்கதை பேசிப் பேசி நாங்கள் சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணித்தியாலமானது, அதுவரை அடிக்கவில்லை. பாயசம் வந்த நேரம் தொடங்கியது, அரை மணித்தியாலத்துக்குள் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் வெட்டிவிட்டு அக்காவைப் பார்த்தேன். என் மனதுக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன், பிள்ளை. சந்தோஷம் ஓடியது. பதினாறு வருடம் கழித்துப் பார்க்கும் அக்காவுக்கு முன்னால், பார், என் பிள்ளைக்கு என்னை விட்டு இருக்க முடியவில்லை என்று காட்டிக்கொள்ள ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம். "ஏழாம் தரம் அடிக்கிறாள். என்னில அவ்வளவு உயிர்" என்று சொல்லிக்கொண்டே ஏழாவதையும் வெட்டி, ஹான்டியை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்தேன்.

முதல் இரண்டையும் நீ வீட்டிலிருந்து அடித்திருக்கிறாய், குளியலறைத் தரையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது. பிறகு நீயே நூற்றுப்பன்னிரண்டுக்கு எடுத்து, வீட்டு விலாசம் சொல்லி, அவசர வண்டியை வரவழைத்து, அம்மாவின் காப்புறுதி அட்டையைத் தேடி எடுத்து, அவரோடு ஏறிப் போயிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மாவிடம் சொல்லவேண்டியதை உன்னிடம் சொல்லியிருக்கிறார், அம்மாவுக்கு அந்த ஜெர்மன் விளங்காது என்பதால். கரு குழாயில் தங்கிவிட்டது, காப்பாற்ற முடியாது, இப்போதே வெட்டி எடுக்காவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து. அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது என்பதையே நீ அந்த நிமிடத்தில்தான் அறிந்தாய். இருந்தது என்பதையும் இல்லை என்பதையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டும். "அப்பா சொல்லட்டும், நான் அப்பாவுக்கு எடுக்கிறன்" என்று டொக்டரிடம் சொல்லிவிட்டு, நடையிலிருந்த, அட்டை போட்டுப் பேசுகிற காட் போனுக்கு ஓடியிருக்கிறாய். அங்கிருந்துதான் அந்த ஐந்தும். உனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. அந்த இரண்டு வசனத்தை அம்மாவிடம் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பாயசம் குடித்துக்கொண்டு வெட்டினேன். நீ திரும்பிப் போய் நீயே சொன்னாய்.

இதெல்லாம் எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியும். ஞாயிறு காலை ஹான்டியைத் திரும்பப் போட்ட பிறகு ஒரு தடவை அடித்தது, வழக்கமான அழைப்பென்று அதையும் வெட்டினேன். அது மேல்மாடி மேரி அக்கா. சனிக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்தார், மாலையில் திரும்பி வந்துதான் உன்னைக் கண்டு தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஞாயிறு மாலை பூத்திலிருந்து எடுத்தேன், வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. திங்கட்கிழமை மறுபடி எடுத்தபோது மேரி அக்கா எடுத்தார். அம்மாவை அன்று காலைதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மேரி அக்கா நல்ல மனுஷி, ஆனால் கோபம் வந்தால் யார் எவரென்று பார்க்கமாட்டார். "எங்கயடாப்பா போட்டாய் அந்த ஹான்டியை? நான் அடிக்க வெட்டுறாய், பிள்ளை அடிக்க வெட்டுறாய்! என்ன மனுசனடா நீ?" என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னார். பூத்தின் கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்றேன். வெளியே வரிசையில் நின்ற ஒரு ஆள் நேரமாகிறது என்று கதவைத் தட்டினார்.

பிறகு மேரி அக்கா, உள்ளறையில் நித்திரையாயிருந்த அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து ரிசீவரைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நீங்கள் சொன்னதெல்லாம் பிள்ளை எனக்குச் சொன்னவள்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "போனில நீங்கள் அழுதனீங்களாம். அம்மாவைப் பயப்பிடவேண்டாமெண்டு சொல்லு, ஒப்பிரேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்லு எண்டு சொன்னீங்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. நான் கையெழுத்து வைச்சன்" என்றார். பிள்ளை, அந்த நிமிடத்தில் நான் செய்ததைத்தான் இத்தனை வருடமாக உன்னிடம் சொல்ல முடியாமல் இருக்கிறேன். அழைப்புகளை வெட்டியது மடைத்தனம். தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. அம்மா, "நீங்கள் அழுதனீங்கள்தானே?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன்.

அந்த ஓமுக்குப் பிறகு மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது. "இனி வந்து என்ன செய்யப்போறியள், எல்லாம் முடிஞ்சுது. அக்காவோட நிண்டிட்டு வாங்கோ" என்று அம்மா சொன்னார். நானும் நின்றேன். மிச்சமிருந்த இரண்டு கிழமையும் நின்றேன். ஸ்ரீரங்கம் போனேன், அத்தானோடு துணிக்கடை ஏறி இறங்கினேன், உனக்கு ஒரு பாவாடை தைப்பித்தேன். தினமும் பூத்துக்குப் போய் அம்மாவோடு பேசினேன். நீ ஒரு நாளும் போனுக்கு வரவில்லை. பள்ளிக்கூட வேலை இருக்காம், குளிக்கிறாளாம், மேரி அக்கா வீட்டில் நிற்கிறாளாம். டுசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்தபோது நீயும் அம்மாவும் நின்றீர்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ரெயினுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றாய். என் கண்ணைப் பார்த்தாய், அவ்வளவுதான். நான் வாய் திறக்கமாட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் திறக்கவில்லை, மேரி அக்காவும் அம்மாவிடம் சொல்லவில்லை. உன் பொய்க்குள் நான் ஏறி இருந்துகொண்டேன், நீ என்னை இறக்கிவிடவில்லை.

அதற்குப் பிறகு நான் எப்படி ஆனேன் என்று உனக்கே தெரியும். நீ சிரித்துச் சிரித்து எல்லாரிடமும் சொல்கிற ரோமாபுரிக் கதையை எடுத்துக்கொள். பதினேழு வயதில் வகுப்போடு சுற்றுலா போனாய். முதல் நாள் பதினோரு தடவை எடுத்தேன். இரண்டாம் நாள் நீ எடுக்கவில்லை என்றதும் ஆசிரியையின் அவசர இலக்கத்துக்கு எடுத்து, என் உடைந்த ஜெர்மனில் என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிறாள், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பிஸ்தா என்றார். வகுப்பு முழுக்க உன்னைப் பிஸ்தா என்று கூப்பிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அப்பா ஏன் இப்பிடி லூசு மாதிரி அடிக்கிறார்?" என்று அம்மாவிடம் கத்தினாய். அம்மா, "அவருக்கு உன்னில அவ்வளவு உயிர்" என்று சொன்னது மூடிய கதவு வழியாக எனக்குக் கேட்டது. திருச்சியில் இலைக்கு முன்னால் இருந்து நான் சொன்ன அதே வார்த்தை. கட்டிலில் இருந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

உனக்கு அறிவுரை எழுதத்தான் பேனா எடுத்தேன், அறிவுரை எங்கோ போய்விட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். மெயில்பொக்ஸை நிறுத்தாதே, எத்தனை மடங்கு பிடித்தாலும் பிடிக்கட்டும். யாராவது ஏதாவது சொல்ல வந்தால் சொல்லிவிட்டுப் போக ஒரு இடம் இருக்கட்டும். தங்குகிற வீட்டின் இலக்கத்தையும், வேலை செய்யும் இடத்தின் இலக்கத்தையும், அங்கே உன்னோடு பழகுகிற ஒரு ஆளின் பெயரையும் கடதாசியில் எழுதி எனக்கு அனுப்பு. ஹான்டிக்குள் மட்டும் வைத்திருக்காதே, அது களவு போனால் நீ யாரென்று உனக்கே தெரியாது. அங்கத்தைய மின்செருகி வேறு மாதிரி என்று கடையில் சொன்னார்கள், அதற்கான ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சரியானதுதானா என்று நீயே பார்த்துக்கொள், என் சாமான் வாங்கும் லட்சணம் உனக்குத் தெரியும். வழக்கமான நேரத்துக்கு வெளியே ஒரு அழைப்பு வந்தால், யாராக இருந்தாலும் ஒரு தடவை எடுத்துக் கேள். நானாக இருந்தால் திட்டிவிட்டு வை. நான் கேட்டுக்கொள்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்கிற செய்தி ஊரில் வீட்டுக்குப் போய்ச்சேர ஐந்து கிழமை எடுத்தது. அந்த ஐந்து கிழமையும் எங்கள் வீட்டில் அடுப்புச் சரியாக எரியவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். அப்படி வந்தவனுக்கு ஒரு பொத்தானை அமத்தி மகளின் குரலைக் கேட்க முடியும் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம். அந்தப் பொத்தானை வைத்துக்கொண்டுதான் நான் சிக்கனம் பார்த்தேன்.

இனிச் சொல்லப்போவது கிழித்த மூன்று கடிதங்களிலும் இல்லை. அவற்றை எழுதியபோது இது நடக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ, அண்டைக்கு நான் பிள்ளையோட கதைக்கேல்லை" என்றேன். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். ஏழு தடவை வெட்டியதையும், அழவில்லை என்பதையும், பூத்திலிருந்து ஓம் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அப்ப அந்தப் பிள்ளை அண்டைக்குத் தனியவோ நிண்டது?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். இந்தத் தடவை அது உண்மை. "எனக்கு முன்னால சிரிச்சுக்கொண்டெல்லோ வந்து சொன்னவள், அப்பா கதைச்சவர் எண்டு. பதினாலு வயசு. என்னை ஒப்பிரேஷனுக்குக் கொண்டுபோன பிறகு, அவள் எங்க போய் நிண்டு அழுதவள்?"

 இத்தனை வருடமாக என் குற்றத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேனே தவிர, இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வரவில்லை. நீ எங்கே நின்றாய்? அந்தப் போனுக்குப் பக்கத்திலா? யாராவது ஒரு தாதி உனக்குத் தண்ணீராவது தந்தாரா? மேரி அக்கா வரும்வரை எத்தனை மணித்தியாலம்? எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஒப்பிரேஷன் முடிந்து கண் திறந்தபோது நீ கதிரையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாய் என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது அம்மா ரெயில் நிலையத்துக்குப் போய் ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், வருகிற சனிக்கிழமைக்கு, கார்ல்ஸ்ரூஹேக்கு. ஹனோவரில் இறங்கி மாறவேண்டும். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் அம்மா தனியாக ரெயில் மாறியதில்லை என்பது உனக்குத் தெரியும், என்னோடோ உன்னோடோதான் போவார். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம். இது எனக்கும் அவளுக்கும்" என்றார். எந்த மேடை, எத்தனை மணி என்று ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். உனக்குப் போனில் சொல்லவேண்டாம் என்றார், நேரே வந்துதான் உன்னைப் பார்க்கவேண்டுமாம். நான் அதை மீறி எழுதுகிறேன், ஏனென்றால் நீ சனிக்கிழமைகளில் சிநேகிதிகளோடு எங்காவது போய்விடுவாய். அன்றைக்குப் போகாதே. வீட்டில் நில். அவர் கேட்பார், நீ சொல்லு. கணக்குச் செய்துகொண்டு இருந்துவிடாதே.

நான் அன்றைக்கு இங்கே இருப்பேன். என்னோடு பேசவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், கோபத்துக்கென்றாலும் அழுகைக்கென்றாலும், எந்த நாட்டிலிருந்தென்றாலும் அடி. முதல் மணியிலேயே எடுப்பேன். உனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றாமல் போனால் பேசாமல் இரு. நீ பேசாமல் இருந்தாலும் நான் வெட்டமாட்டேன்.

அப்பா